மாவு அடுக்கின் மேல் சாவி

புனேவில், ஔந்த் பக்கம், பத்ரிநாத் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள் கார் சாவி. பெட்டியை ஒட்டி, நூலில் கட்டிய பேனாவோடு தடியான ரிஜிஸ்டர் ஒன்று. சாவியை எடுப்பவர் தேதி, நேரம், போகிற இடம், திரும்பிய நேரம், குறிப்பு என்று ஐந்து கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனைக்கும் அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர், பத்ரிநாத்தும் அவர் மனைவி சரசாவும். கையெழுத்துப் போடுவது இரண்டு பேரும். சரிபார்ப்பது ஒருவர். யார் என்று கேட்கவே வேண்டாம்.

பத்ரிநாத்தைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. முப்பத்துநாலு வருஷம் பாங்க்கில் இருந்தவர். அதில் இருபது வருஷம் ஸ்ட்ராங் ரூமின் இரண்டு சாவிகளில் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. சொந்தத் தங்கை கல்யாணத்தில்கூட அதை அரைஞாணில் கட்டிக்கொண்டுதான் தாரை வார்த்துக் கொடுக்க மணையில் உட்கார்ந்தார். ரிட்டயர் ஆன அன்றைக்குச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், ஒரு வாரம் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் ரிஜிஸ்டர் வாங்கி வந்தார்.

காருக்கு இரண்டு சாவி. ஒன்று பெட்டியில். இன்னொன்று பாங்க் லாக்கரில். லாக்கருடைய சாவி எங்கே என்றால், கார் சாவி வளையத்திலேயே தொங்கியது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தானே பத்திரம் என்பார் பத்ரிநாத். இதில் உள்ள ஓட்டை இருபத்தேழு வருஷம் கணக்கு டீச்சராக இருந்த சரசாவின் கண்ணில்கூடப் படவில்லை. வீட்டுக்காரர் போட்ட கணக்கை யார் திருத்துகிறார்கள்?

சரசா போன வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே டிரைவிங் கிளாஸில் சேர்ந்தாள். கல்யாணமாகி புனேவுக்கு வந்ததிலிருந்து, முதலில் ஸ்கூட்டரின் பின்னால், பிறகு காரின் இடது பக்கத்தில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே வந்தவள். "லெஃப்ட்ல டெம்போ வரான்" என்று அவள் சொல்ல, "தெரியும்" என்று அவர் சொல்ல, இப்படியே முப்பத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது. டெஸ்டில் முதல் தடவையே பாஸ் ஆனாள். பத்ரிநாத்துக்கு இரண்டு தடவை ஆயிற்று. இதை அவள் தானாக யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களிடம் மட்டும்தான் சொல்வாள். எப்படியோ எல்லாரும் கேட்டார்கள்.

லைசென்ஸ் வந்த அன்று பத்ரிநாத் ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் விதிகளை எழுதி ஒட்டினார். நாலாவது விதி இது: சாவி விஷயத்தில் யாராவது அஜாக்கிரதையாக இருந்தால், சாவி லாக்கருக்குப் போகும்.

"யாராவதுன்னா யாரு?" என்று கேட்டாள் சரசா.

"பொதுவாத்தான் எழுதியிருக்கேன்."

பொதுவாக எழுதியது யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குச் சாவி வேண்டியிருந்தது. ஐம்பத்தொன்பது வயதில்தான், எங்கே போவது எப்போது திரும்புவது என்பதை யாரையும் கேட்காமல் முடிவு செய்யலாம் என்கிற ருசி அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை மறுபடி விட்டுவிட்டு இடது பக்கத்து சீட்டில் போய் உட்கார அவளுக்கு மனசு இல்லை.

மே மாதம், ஒரு சனிக்கிழமை. கூட வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சர் ஊரின் மறுகோடியில், ஹடப்சரில் இருக்கிறாள். அவள் பேரனுக்கு முதல் பிறந்தநாள், சாயங்காலம் நாற்பது பேருக்கு இட்லி. மாவு சரசாவின் பொறுப்பு. முந்தின நாள் ராத்திரி கிரைண்டர் இரண்டு மணி நேரம் ஓடியது. கிரைண்டர் வைத்த ஸ்டாண்டுக்கு ஒரு கால் குட்டை, ஓடும்போதெல்லாம் கடகடவென்று ஆடும். "அதைக் கொஞ்சம் பாருங்கோளேன்" என்று அவள் நாலு வருஷமாகச் சொல்கிறாள். "பாக்கறேன்" என்று அவரும் நாலு வருஷமாகச் சொல்கிறார்.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்த மாவு, எவர்சில்வர் அடுக்கில் முக்காலளவு. டிக்கியில் வைத்தாயிற்று. ரிஜிஸ்டரில் எழுதியாயிற்று. துணைக்கு ஆளில்லாமல் இத்தனை தூரம் அவள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. யூனிவர்சிட்டி சர்க்கிளில் ஒரு பஸ்காரன் ஹார்ன் அடித்துத் தள்ளினான். அவள் பதிலுக்கு இரண்டு அடி கூடவே அடித்தாள். ஹடப்சர் மார்க்கெட் வரைக்கும் ராணி மாதிரி வந்தாள்.

அங்கே சட்னிக்குத் தேங்காய் வாங்க இறங்கினாள். வீட்டுக்காரர் பழக்கியபடி நாலு கதவையும் பூட்டி, ஒவ்வொன்றையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். போன் உள்ளே கண்ணாடி ஓரத்து ஸ்டாண்டில் மாட்டியபடியே இருந்தது. இரண்டு நிமிஷ வேலைதானே என்று விட்டுவிட்டாள். எட்டுத் தேங்காயோடு திரும்பி வந்து, சாவி போட்டு டிக்கியைத் திறந்தாள். பழைய சின்னக் கார், பின்சீட்டை ஒட்டினாற்போல் கண்ணாடி வைத்த டிக்கி; உள்ளேயிருந்து அதைத் திறக்கிற பிடி உடைந்து இரண்டு வருஷமாகிறது. தேங்காய் உருளாமல் அடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் சாவியை மாவு அடுக்கின் மூடிமேல் வைத்தாள். அடுக்கினாள். டக்கென்று டிக்கியைச் சாத்தினாள்.

சாத்திய சத்தம் காதில் விழுந்த அந்த நொடியே இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள், காலி.

பின்கண்ணாடி வழியாக எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அடுக்கு, மூடி, மூடிமேல் சாவி, அதே வளையத்தில் லாக்கர் சாவி. மாற்றுச் சாவி லாக்கரில், லாக்கர் சாவி இங்கே கண்ணாடிக்குள்ளே. பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம்! கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம் என்றால், அவளுக்கு மனப்பாடமான நம்பர் ஒன்றே ஒன்றுதான். பத்ரிநாத்தைக் கூப்பிட்டால் சாவி வராது, நாலாவது விதிதான் வரும்.

இது போதாதென்று இன்னொன்றையும் பார்த்தாள். மே மாத வெயில், மூடிய கார், முக்கால் அடுக்கு மாவு. மூடி ஒரு விரற்கடை மேலே எழும்பியிருந்தது. சாவியும் கூடவே எழும்பியிருந்தது.

"ஐயோ, பொங்கறதே!" என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

தேங்காய்க்காரர் எதிரே இருந்த சந்துப் பக்கம் கை காட்டினார். சாவி போடுகிறவர் கடை அங்கே இருந்தது. ஓடினாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன்மேல் ஒரு போர்டு, மராத்தியில், அழகான கையெழுத்தில்: 'பத்து முதல் ஒன்று. நான்கு முதல் எட்டு. நடுவில் அழைக்க வேண்டாம். சாவியைத் தொலைத்தது நீங்கள். தூக்கத்தைத் தொலைக்க நாங்கள் தயாராக இல்லை.'

மணி ஒன்று ஐந்து. உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. புனேவில் முப்பத்து மூன்று வருஷம் இருந்துவிட்டு, ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் கடைக்காரரை எழுப்பக் கூடாது என்று தெரியாமலா இருக்கும்? சரசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கடையை ஒட்டிய வீட்டு வாசலில், நைட்டிமேல் துப்பட்டா போட்ட ஒருத்தி கட்டிலில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் ரோஹிணி, சாவிக்காரர் மனைவி. சரசாவையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தபடி கிட்டே வந்தாள்.

"காக்கு, சத்தம் போடாதீங்க" என்றாள் மராத்தியில், சித்தி முறை வைத்து. "கார்தானே? உள்ளே குழந்தை இருக்கா?"

"குழந்தை இல்லேம்மா. மாவு."

"மாவா?"

"பொங்கிண்டிருக்கு."

ரோஹிணி சிரிப்பை அடக்க மாட்டாமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு ஷட்டருக்கு அடியில் குனிந்து போனாள். போன மாதிரியே சத்தமில்லாமல் திரும்பி வந்தாள். கையில் ஒரு மர ஆப்பு, முனை வளைந்த நீளக் கம்பி.

"உனக்குத் தெரியுமா இதெல்லாம்?"

"பன்னிரண்டு வருஷமா அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கறேன். கொடுத்துட்டு உடனே வந்துடுவேனா? நின்னு பார்ப்பேன்." நடந்துகொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியும்கறது அவருக்குத் தெரியாது. பொம்பளை இந்தக் கம்பியைத் தொட்டா கடை பேர் கெட்டுப்போயிடும்னு சொல்லுவார்."

காரிடம் வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் பத்ரிநாத்தின் படம், ரிட்டயர் ஆன நாளில் எடுத்தது, மாலையும் கழுத்துமாக. அவர் அப்படியே கண்ணாடி வழியாக அவளை உற்றுப் பார்த்தார். சரசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று தடவை எடுக்காவிட்டால் அவர் ஸ்டெல்லாவைக் கூப்பிடுவார். ஸ்டெல்லா, இன்னும் வரவில்லையே என்பாள். அப்புறம் போலீஸ்தான்.

ரோஹிணி மர ஆப்பைப் பின்கதவின் மேல் இடுக்கில் செருகி, உள்ளங்கையால் மெல்லத் தட்டினாள். ஒரு விரல் நுழைகிற சந்து விழுந்தது. "இதை அழுத்திப் பிடிங்க" என்று சரசாவிடம் கொடுத்துவிட்டுக் கம்பியை உள்ளே விட்டாள். கம்பி பூட்டுக் குமிழைத் தேடியது, தொட்டது, வழுக்கியது. போன் இரண்டாம் தடவை அடித்தது. பின்னால் மாவு மூடியை ஒரு பக்கமாகத் தள்ளி வழியத் தொடங்கியிருந்தது. சாவி சரிவில் நின்றது. மூன்றாம் தடவை போன் அடிக்கவும் குமிழ் டக்கென்று மேலே வரவும் சரியாக இருந்தது.

சரசா பின்சீட்டில் முட்டி போட்டு ஏறினாள். புடவை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. எட்டிப் பிடித்தாள். வழிந்த மாவில் நனைந்து, விழப்போகிற நேரத்தில் சாவி அவள் கைக்கு வந்தது. மாவுக்குள் ஒரு தூசி விழவில்லை, நாற்பது பேர் இட்லிக்குப் பங்கமில்லை. அதே கையோடு போனை எடுத்தாள்.

"எங்கே இருக்கே? ஏன் எடுக்கலை?" என்றார் பத்ரிநாத்.

"தேங்கா வாங்கிண்டிருந்தேன்."

"ஏன் மூச்சு வாங்கறது?"

"எட்டுத் தேங்காயாச்சே, கனக்காதா?"

போனை வைத்துவிட்டு ரோஹிணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பணம் வாங்க மாட்டேனென்றுவிட்டாள். கல்லாவில் கூடுதலாக ஒரு நோட்டு இருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடுமாம். மாவு இருந்தால் கொஞ்சம் கொடுங்கள் என்றாள். சரசா ஒரு பாத்திரம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். அப்புறம் ஒரு காரியம் செய்தாள். போர்டில் பார்த்த கணக்கு புரிந்த கணக்கு ஆகாது, தானே போட்டுப் பார்க்க வேண்டும் என்று இருபத்தேழு வருஷம் பிள்ளைகளைப் படுத்தியவள் ஆயிற்றே. "ஒரு தடவை நான் போட்டுப் பாக்கட்டுமா?" என்றாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி காரைப் பூட்டினார்கள். முதல் தடவை பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாம் தடவை நாலு.

"பாஸ்" என்றாள் ரோஹிணி.

ராத்திரி வீட்டுக்கு வந்து ரிஜிஸ்டரைத் திறந்தாள். குறிப்பு என்ற கட்டத்தில் பேனா ஒரு நிமிஷம் நின்றது. எத்தனை பிள்ளைகளின் நோட்டில் பொய்க் கணக்கைப் பிடித்துச் சிவப்பு மையால் அடித்திருக்கிறாள்! ஒன்றுமில்லை என்பதற்குப் பாங்க் பாஷையில் 'நில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் சாவி பெட்டியில் இருந்தது, நாளைக்கும் அவள் எடுக்கலாம்.

"சாவி ஏன் புளிச்ச வாடை அடிக்கறது?" என்றார் பத்ரிநாத், மோந்து பார்த்து.

"மாவரைக்கற கை. வேற எப்படி அடிக்கும்?"

டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோந்த்வாவில் ஒரு ஹாலில் ரிட்டயரான பாங்க் ஆபீசர்களின் வருஷாந்திரக் கூட்டம். காலையில் நல்ல குளிர். பத்ரிநாத் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டினார். சரசா இடது பக்கம். மேடையில் அவரைப் பற்றி யாரோ நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார்கள். இருபது வருஷத்தில் ஒரு நாள்கூடச் சாவியால் பிரச்சினை வராத மனிதர் என்று. அவர் முகம் பூரித்துப்போயிற்று, பார்க்க அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. புனே டிசம்பர் அப்படித்தான், காலையில் ஒரு ஊர், மத்தியானம் இன்னொரு ஊர். பத்ரிநாத் டிக்கியைத் திறந்து, சாவியை வழக்கம்போல ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் கொடுத்த பரிசுப் பையை உள்ளே வைத்தார். புழுங்கியது. ஸ்வெட்டரைக் கழற்றி நாலாக மடித்துப் பைமேல் வைத்தார். டிக்கியைச் சாத்தினார்.

இரண்டு அடி நடந்து இடுப்பைத் தடவினார். சட்டைப்பையைத் தடவினார். நின்றுவிட்டார்.

சரசாவுக்கு உடனே புரிந்தது. கண்ணாடி வழியாக ஸ்வெட்டரைப் பார்த்தாள். பழைய சிநேகிதர் வாசுதேவனுக்கும் புரிந்துவிட்டது. அவர் குரல் பாங்க்கில் இருந்த காலத்திலேயே மூன்று கவுண்டர் தாண்டிக் கேட்கும்.

"என்ன ஓய் பத்ரி! ஸ்ட்ராங் ரூமே பூட்டிண்டுதா?"

ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். டூப்ளிகேட் எங்கே என்று ஒருவர் கேட்டார். லாக்கரில் என்றார் பத்ரிநாத். லாக்கர் சாவி? பத்ரிநாத் டிக்கியைக் கையால் காட்டினார். சிரிப்பு எழுந்தது. சாவிக்காரனைக் கூப்பிடலாமென்றால் நாலு மணி ஆகும் என்று இன்னொருவர் சொன்னார். கொஞ்சம் முன்னால் மேடையில் கேட்ட வார்த்தையை வாசுதேவன் திரும்பச் சொல்லிச் சிரித்தார்.

சரசா கொஞ்சம் தள்ளி நின்றாள். நாலு மணி வரைக்கும் இப்படியே நிற்கலாம், அவளுக்கு ஒன்றும் ஆகாது. கம்பியைக் கையில் எடுத்தாளானால், இது எங்கே கற்றாய் என்று பத்ரிநாத் கேட்பார். கேட்கக்கூட வேண்டாம், பாங்க்காரர், அவர் கண் தானே கூட்டிப் போட்டுவிடும். மே மாதத்து 'நில்' வெளியே வரும். சாவி போகும்.

அவர் முகத்தைப் பார்த்தாள். காது மடல் சிவந்து, கை இன்னும் இடுப்பிலேயே இருந்தது. முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் மேல் ஆயிரம் கோபம் வந்திருக்கிறது அவளுக்கு. ஆனால் அவரைப் பார்த்து ஊர் சிரிக்கிறதை அவளால் ஐந்து நிமிஷம் தாங்க முடியவில்லை.

ஹாலுக்குள் போனாள். கதவு சாத்திக்கொள்ளாமல் கீழே செருகியிருந்த மரக்கட்டையைப் பிடுங்கினாள். கோட்டு மாட்டுகிற கம்பி ஹாங்கர் ஒன்றை எடுத்து நீட்டி, முனையை வளைத்தாள். வெளியே வந்து, "கொஞ்சம் தள்ளிக்கோங்கோ" என்றாள்.

"மாமி, பெயிண்ட் போயிடும்" என்றார் வாசுதேவன்.

"போனா எங்காத்துக் கார்தானே."

கட்டையைச் செருகினாள், தட்டினாள். "ஏன்னா, இதை அழுத்திப் பிடிங்கோ" என்று பத்ரிநாத்திடம் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார். கம்பி உள்ளே போயிற்று. ஐந்தாவது நிமிஷம் குமிழ் மேலே வந்தது. பின்சீட்டில் முட்டி போட்டு ஏறி, எட்டி, ஸ்வெட்டரை இழுத்து, பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தாள்.

கைதட்டல் கேட்டது. வாசுதேவன்தான் முதலில் தட்டினார். பத்ரிநாத் மட்டும் தட்டாமல், மரக்கட்டையைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயே ஓட்டு" என்றார்.

அவர் இடது பக்கம் ஏறி, பரிசுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்வார்கேட் சிக்னல் தாண்டும்வரை பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எப்போ?" என்றார் அப்புறம்.

"மே மாசம். ஸ்டெல்லாவாத்துக்குப் போனப்போ."

"ரிஜிஸ்டர்ல நில்னு போட்டிருக்கே."

"ஆமா."

"வெயில்ல நின்னிருப்பே. எனக்கு ஒரு போன் பண்ணணும்னு தோணலையா உனக்கு?"

"தோணித்து. உடனே நாலாவது விதியும் ஞாபகம் வந்தது."

பத்ரிநாத் வெளியே பார்த்தார். "லெஃப்ட்ல டெம்போ வரான்" என்றார்.

"தெரியும்" என்றாள் சரசா.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராக ஃப்ரிட்ஜிடம் போனார். ரிஜிஸ்டரை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்து உட்கார்ந்தார். அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு நின்றாள். அவர் மே மாதப் பக்கத்தைப் புரட்டவில்லை. அன்றைய தேதிக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில், மணிமணியாக எழுதினார்: 'சாவி என் கவனக்குறைவால் டிக்கியில் சிக்கியது. திறந்து கொடுத்தது திருமதி சரசா.' கையெழுத்துப் போட்டார். பிறகு புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"நாலாவது விதிப்படி என்ன பண்ணணுமோ, நீயே பண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சரசா அதை எடுத்துப் பார்த்தாள். அட்டையைத் தட்டினாள், விரலால் கனத்தை அளந்தாள். நூலிலிருந்து பேனாவை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"ஏன்னா, எழுந்து வந்து அந்த கிரைண்டர் ஸ்டாண்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கோ" என்றாள்.

அவர் தூக்கிப் பிடித்தார். அவள் குனிந்து, குட்டைக் காலுக்கு அடியில் ரிஜிஸ்டரைச் செருகினாள். சரியாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி ரோஹிணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாவரைத்தபோது, ஸ்டாண்ட் ஆடவே இல்லை.